இந்த ‘ஓம்’ ஆர்ர?

நம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில், ஜும்ஆ முபாறக் பூங்கொத்துகளுக்கும் முழங்கால் வலித் தைலத்துக்கும் நடுவில், போன வாரம் வந்த அந்தச் செய்தியை நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். நம்மில் எப்போதும் முதலாம் பிள்ளையாக வந்தவர், இப்போது பாடசாலை விழா மலருக்குப் பொறுப்பாக இருப்பவர், என் பெயரைக் குறிப்பிட்டு எழுதியிருந்தார்: “பாடசாலைக் கீதம் பற்றி இரண்டு பக்கம் வேண்டும். நகைச்சுவையாகத் தரவும். கோபம் வேண்டாம்.” கீழே மலரின் மாதிரிப் பக்கம். நாம் பாடிய அதே கீதம். அதன் அடியில் சாய்ந்த எழுத்தில்: இயற்றியவர்: அன்றைய கட்டடக் குழு.

உங்களில் முப்பத்தெட்டுப் பேர் அதற்குப் பெருவிரல் காட்டியிருந்தீர்கள். ஒருவர் கண் கலங்கும் முகம் போட்டிருந்தார்.

கட்டடக் குழு கட்டடம் கட்டியது உண்மை. அதன் கூரை முதல் மாரியிலேயே ஒழுகி, நாம் வாளி வைத்துப் படித்ததும் உண்மை. அவர்கள் பாட்டுக் கட்டவில்லை. பாட்டில் அவர்கள் செய்தது ஒரே ஒரு திருத்தம். அது இன்றுவரை ஒழுகிக்கொண்டிருக்கிறது. வாளி வைக்கத்தான் ஆளில்லை.

நகைச்சுவை எழுதித்தான் இருபது வருடமாகப் பிழைக்கிறேன். பிழைக்கிறேன் என்பதே அதில் முதல் நகைச்சுவை. கோபமில்லாமல் மூன்று தடவை எழுதிப் பார்த்தேன். மூன்று தடவையும் இரண்டாம் வரியிலேயே பற்றிக்கொண்டது. ஆகவே இது மலருக்கு அல்ல. உங்களுக்கு.

நாம் நான்காம் வகுப்பில் இருந்த வருடத்தை நினைத்துப் பாருங்கள். கச்சான் காற்றடித்த மாதங்கள். மணல் பறந்து சோற்றில் விழும். வெள்ளைச் சட்டை பத்து மணிக்குள் மஞ்சளாகும். ஊர் முழுக்கத் தறிச் சத்தம். நம் வீட்டில் கதைத்தால் பக்கத்தில் நிற்பவருக்கே கேட்காது. அதனால்தான் நம் ஊர்ப் பெண்கள் எல்லோரும் இன்றும் தொலைபேசியில் கத்துகிறோம், நான் உட்பட.

என் உம்மாவின் காக்கா, அதாவது என் மாமா, வீட்டுக்குப் பின்னால் ஆறு தறி போட்டிருந்தார். கடலோரமாக இருந்த கடைசித் தறி என் சாச்சியுடையது. உம்மாவின் கடைசித் தங்கை. எட்டாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவர். சாரன் நெய்வார். ஊரில் கல்யாணம் என்றால் பெண்கள் பாட்டுக் கேட்டு அவரிடம்தான் வருவார்கள். மாப்பிள்ளையின் மூக்கைப் பற்றியோ மாமியாரின் கஞ்சத்தனத்தைப் பற்றியோ நாலு வரி கேட்டால் தறியில் ஓடும் நாடா ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போய் வருவதற்குள் சொல்லிவிடுவார்.

ஆனால் ஒரு முழுப் பாட்டைக் கட்ட நேரம் வேண்டும். சுபஹுக்கு எழும்பி மஃரிப் வரை தறியில் இருக்கும் பெண்ணுக்கு அது எங்கே இருக்கிறது? வரி மட்டும் நேரம் பார்க்காமல் வந்துவிடும். வந்தால் சாச்சி தறியை நிறுத்தமாட்டார், நிறுத்தினால் மாமா இருமுவார். வலது பக்கக் கம்பத்தில் ஒரு நூல் துண்டைச் சுற்றி முடிச்சுப் போடுவார். சிவப்பு ஒரு வரி. மஞ்சள் ஒரு வரி. வெள்ளிக்கிழமை வந்ததும் ஒவ்வொரு முடிச்சாகத் தொட்டுத் தொட்டு வரிகளைத் திரும்ப எடுப்பார். ஒருமுறை பச்சை நூலைத் தொட்டு அரை மணி நேரம் நின்றார். ஒன்றும் வரவில்லை. “போச்சு” என்று முடிச்சை அவிழ்த்து வாயால் ஊதிவிட்டார். அந்த வரி என்னவாக இருந்திருக்கும் என்று நான் இன்றும் சில நாட்களில் யோசிப்பதுண்டு.

வெள்ளிக்கிழமை ஏன் என்றால், பாங்கு சொன்னதும் ஆண்கள் எல்லோரும் பள்ளிவாசலுக்குப் போய்விடுவார்கள். தறிகள் நிற்கும். கடல் இருப்பதே அப்போதுதான் காதில் விழும். பெண்கள் லுஹரைத் தொழுதுவிட்டால், ஆண்கள் திரும்பும் வரை மிஞ்சுகிற நேரம் அவர்களுடையது. முப்பது நிமிடம், நாற்பது நிமிடம். அங்கே குத்பாப் பிரசங்கம் நீண்டால் பாட்டும் நீளும்.

அந்த நேரத்தில் சாச்சியின் தறியடியில் மூன்று பேர் கூடுவார்கள். சாச்சி, சுளகில் அரிசியோடு வந்து கல் பொறுக்குவதாக நடிக்கும் என் உம்மா, நூல் அக்கா.

நூல் அக்கா பக்கத்து ஊரான பாண்டிருப்பிலிருந்து வருபவர். பொட்டு வைத்த தமிழ்ப் பெண். கறுப்புக் குடை ஒன்றைப் பிடித்துக்கொண்டு கடற்கரைப் பாதையால் நடந்து வருவார். ராட்டினத்தைச் சுற்றி, நாடாவுக்குள் வைக்கும் சின்னக் குழல்களில் நூல் ஏற்றிக் கொடுப்பது அவர் வேலை. அவர் கை நின்றால் ஆறு தறியும் நிற்கும். அந்த ராட்டினத்துக்கு விளக்கெண்ணெய் போடுவதை வேறு எவரையும் செய்யவிட மாட்டார். நாலாவது ஆளாக, சீ.ஆர். கொப்பியும் பென்சிலுமாக நான். எழுத்துப்பிழை இல்லாமல் எழுதுவேன் என்ற திமிர் எனக்கு அந்த வயதிலேயே இருந்தது.

அந்தக் கச்சான் மாதத்தில்தான் அதிபர் காலைக் கூட்டத்தில் சொன்னார்: புதிய கட்டடத் திறப்பு விழாவுக்குப் பாடசாலைக் கீதம் வேண்டும். ஊரின் பெரிய கவிஞர் ஒருவர் எழுதிக் கொடுத்ததை ஏற்கனவே நமக்குப் பழக்கிப் பார்த்தார்கள். அதில் ஒரு சொல் பதினோரு எழுத்து. அந்தச் சொல்லில் நம் வகுப்பில் மூன்று பேருக்கு இருமல் வந்தது. கடைசியில் அதிபர் கைவிட்டு, “வீட்டில ஆராவது பாட்டுக் கட்டினா எழுதிக்கொண்டு வாங்க” என்றார்.

சாச்சியிடம் சொன்னேன். “பள்ளிக்கூடத்துக்கா?” என்றார். இரண்டு தரம் கேட்டார். எட்டாம் வகுப்போடு தன்னை அனுப்பிவிட்ட அதே பள்ளிக்கூடம். அந்த வாரம் கம்பத்தில் ஐந்து முடிச்சு.

வெள்ளிக்கிழமை.

“‘கச்சான் காத்து கலைச்ச தலைய வாரினியா புள்ள?’ எப்பிடி ராத்தா?”

“வாரிப்போட்டு அப்பிடியே விரிச்சிக்கிட்டா போற? பின்ன வேணாமா?” என்றார் உம்மா.

“பின்னினா அடி நீளும்.”

“நீளட்டும். முடி நீளமான புள்ளைக்கு?”

“அப்ப நீங்க தறியில ஏறுங்க ராத்தா, நான் கல்லுப் பொறுக்கிறன்.”

“ரெண்டு பேரும் சரி மச்சி,” என்றார் நூல் அக்கா, ராட்டினத்தை விடாமல். “அங்கால குத்பா முடியப் போகுது. அடுத்தத விடுங்க.”

அவர் வரி சொல்வதில்லை. கேட்பார். நம் பக்கம் கதை கேட்பவர்கள் எப்படிக் கேட்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். சொல்பவர் மூச்சு வாங்கும் இடத்தில் ஓம் என்று ஒரு சொல் போட வேண்டும், இல்லாவிட்டால் கதை சொல்பவர் கோபித்துக்கொண்டு எழும்பிவிடுவார். சாச்சி ஒரு வரியை முடித்து மூச்சு வாங்குவார். ராட்டினம் ஒரு சுற்று முடிந்து கைப்பிடி மேலே வரும். நூல் அக்கா “ஓம்” என்பார். மூன்றாம் வரியில் சாச்சி திடீரென்று நிறுத்தினார்.

“இஞ்ச, அதத் திரும்பச் சொல்லுங்க.”

“எத? நான் ஒண்டும் சொல்லல்லியே.”

“அந்த ஓம். அதுதான் பாட்டு.”

அப்படித்தான் கேள்விகள் எல்லாம் பாட்டாகின. சாச்சி கேட்பார், நூல் அக்கா பதில் சொல்வார், நான் எழுதுவேன்.

கடலில வெயில் ஏற முந்தி எழும்பினியா புள்ள? ஓம்!
கச்சான் காத்து கலைச்ச தலைய வாரினியா புள்ள? ஓம்!
தறிச்சத்தம் நிக்க முந்திப் படிச்சிருவியா புள்ள? ஓம்!

ஐந்து வரியோடு முடிந்திருக்க வேண்டிய பாட்டு அது. ஆனால் அந்த வெள்ளி குத்பா முடியவில்லை. வெளியூரில் ஏழு வருடம் ஓதிவிட்டுத் திரும்பியிருந்த புதிய மௌலவியின் முதல் குத்பா. நகம் வெட்டுவதில் தொடங்கி மறுமை நாள் வரை போய், திரும்பவும் நகத்துக்கு வந்துகொண்டிருந்தார். ஒலிபெருக்கியை நோக்கித் தலையை ஆட்டிய சாச்சி, “நீட்டட்டும், நீட்டட்டும். இன்னும் ஒண்டு ஏலும்” என்றார். ஆறாவது வரி வந்தது:

அறிஞ்சதெல்லாம் அடுத்த வீட்டுக்கும் குடுப்பியா புள்ள? ஓம்!

ஆகவே, அந்தக் கடைசி வரிக்கு நேரம் ஒதுக்கித் தந்தவர் மௌலவிதான். இதை அவருக்கு எவரும் சொல்லவில்லை. நன்றியை நான் இப்போது பதிவு செய்கிறேன்.

அடுத்த திங்கள் நான் வகுப்பில் அதைப் பாடியது உங்களுக்கு நினைவிருக்கும். முதல் கேள்வி கேட்டேன். ஆசிரியை பதிலைச் சொல்லித்தர வாயைத் திறப்பதற்குள் நீங்கள் நாற்பது பேரும் “ஓம்!” என்று கத்தினீர்கள். பக்கத்து வகுப்பும் கத்தியது. அதிபர் பிரம்போடு ஓடி வந்து, வாசலில் நின்று, மூன்றாம் வரியில் தானும் ஓம் சொன்னார். நான் பார்த்தேன். மறக்க வேண்டிய எத்தனையோ விஷயங்களை விட்டுவிட்டு, அந்த மனிதரின் வாய் அசைந்ததை நாற்பது வருடமாக வைத்திருக்கிறேன்.

சனிக்கிழமை காலை அதிபர் அறைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். கொப்பியோடு. பரிசு என்று நினைத்து, எண்ணெய் வைத்து இரட்டைப் பின்னலோடு போனேன். அதிபர், கட்டடக் குழுத் தலைவரான ஹாஜியார், புதிய மௌலவி. மேசையில் பால் விடாத பிளேன்டி, ஒரு தட்டில் பிஸ்கட். எனக்கு ஒரு பிஸ்கட் தந்தார்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் எல்லாவற்றையும் சொன்னேன்.

“புள்ள, இது ஆர் கட்டின?” என்றார் ஹாஜியார்.

“எங்கட சாச்சி.”

மௌலவி கொப்பியைத் தன் பக்கம் திருப்பினார். பேனையின் மூடியால் என் அழகான எழுத்தின் ஒரு சொல்லைத் தொட்டார். வரி முடிவில் ஆறு தரம் தொட்டார்.

“இந்த ‘ஓம்’ ஆர்ர?”

நம் வகுப்பில் உண்மை பேசுவதற்காகப் புத்தகம் பரிசு வாங்கியவள் நான்.

“நூல் அக்காட” என்றேன்.

“எந்த நூல் அக்கா?”

“பாண்டிருப்பிலிரிந்து வாற.”

மௌலவி பேனையை மூடினார்.

“விளங்குதா ஹாஜியார்?”

“ஓம், விளங்குது.”

“மத்தவங்கட மந்திரம் இது. நம்மட புள்ளைகள்ர வாயில ஆறு தரம் போட்டு வெச்சிரிக்கி.”

“ஓம் ஓம்.”

“மௌலவி,” என்றார் அதிபர், “நம்ம எல்லாரும் கதைக்கிற சொல்லுத்தானே...”

“கதைக்கிறது வேற, பாட்டில ஓதுறது வேற. எடுத்திருவமா?”

அதிபர் ஹாஜியாரைப் பார்த்தார். ஹாஜியார் ஜன்னல் வழியே அரைகுறையாக நின்ற கட்டடத்தைப் பார்த்தார். அதிபரும் பார்த்தார்.

“ஓம்,” என்றார் அதிபர். “எடுத்திருவம்.”

அந்த அறையில் எத்தனை ஓம் சொல்லப்பட்டது என்று நான் பிறகு கணக்கெடுத்தேன். நாலு. நம் பாட்டுக்கு இரண்டுதான் குறைவு. மௌலவி நம் ஊரில் பிறந்தவர். அவருடைய உம்மா ஒழுங்கையில் நின்று கூப்பிட்டால் “ஓம் உம்மா” என்று ஓடி வந்துதான் வளர்ந்திருப்பார். வளர்ந்த பிறகு நான் பெரிய அகராதிகளையும் புரட்டினேன். உடன்படும்போது சொல்லும் சொல் என்று தெளிவாகப் போட்டிருக்கிறது. அகராதி அந்தக் குழுவில் இருக்கவில்லை.

மௌலவியின் மேல்கூட எனக்கு அவ்வளவு கோபமில்லை; அவர் படித்ததை அவர் நம்பினார். மூன்றாம் வரியில் வாயசைத்த மனிதரின் மேல்தான் கோபம். அவருக்குத் தெரியும். தெரிந்தவர் ஓம் என்றால் அது வேறு ஓம்.

“அந்த இடத்தில ‘ஆம்’ எண்டு போடுவம்” என்றார் மௌலவி. மற்றபடி ஓர் எழுத்தையும் தொடவில்லை. பிஸ்கட்டைத் தின்றுகொண்டே வீட்டுக்கு நடந்தேன்.

அடுத்த வியாழன் பின்னேரம் மாமா வந்து ராட்டினத்தைத் தூக்கினார். தன் கட்டிலுக்குக் கீழே தள்ளி, மேலே சாக்குப் போட்டார். தூக்கும்போது அதன் கைப்பிடி கழன்று விழுந்தது. அதைப் பொறுக்கிக்கொண்டு பின்னால் போனது நான்தான். ஏன் என்று கேட்கவில்லை. பெரியவர்கள் ஒரு சாமானைத் தூக்கினால் பின்னால் இன்னொன்றைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்றுதான் நம்மை வளர்த்திருந்தார்கள்.

வெள்ளி காலை நூல் அக்கா வழமைபோல் வந்தார். குடையை மடக்கிக் கம்பத்தில் மாட்டினார். ராட்டினம் இருந்த இடத்தில், மண் தரையில் நாலு கால் அடையாளம். சாச்சி இன்னும் வரவில்லை. நான் மட்டும் நின்றேன்.

“மகள், ராட்டினம் எங்க?”

“தெரியா.”

என்னைப் பார்த்தார். நிறைய நேரம் இல்லை; ஒரு சுற்றுச் சுற்றும் நேரம்.

“ஓம்” என்றார். குடையை எடுத்தார். போய்விட்டார்.

சாச்சி வந்து விசாரித்து, நேரே மாமாவின் அறைக்குப் போனார். நான் கதவுக்குப் பின்னால்.

“ராட்டினத்தத் திரும்ப வையுங்க காக்கா.”

“ஊர் கதைக்குது புள்ள.”

“என்னெண்டு?”

“அந்தப் பொம்புள வந்து மந்திரம் ஏத்திப்போட்டுப் போறாவாம். ஹாஜியார் கேக்கார், ஒங்கட தறியில என்னத்த நெய்யிறீங்க எண்டு.”

“ஏத்தினது நூல். ஊரே ஓம் ஓமெண்டுதான் கதைக்குது, போய் ஊர்ர வாயில சாக்குப் போடுங்களன்.”

“ஒனக்குக் கலியாணம் பேசுற நேரம்,” என்றார் மாமா. “வாயப் பொத்திக்கிட்டு இரி.”

அன்று ஜும்ஆ நேரத்தில் சாச்சி தறியடிக்கு வரவில்லை. உம்மா சுளகோடு வந்து, தனியாக இருந்து, உண்மையிலேயே கல் பொறுக்கினார்.

திறப்பு விழா உங்களுக்குத் தெரியும். நாம் பாடினோம். அடுத்த வீட்டுக்கும் குடுப்பியா புள்ள? ஆம்! நம் வாயில் அந்தச் சொல் நிற்கவேயில்லை; ஓம் என்று உருண்டு வந்து கடைசி நிமிடத்தில் ஆம் என்று சப்பிப் போனது. பின்வரிசைப் பையன்கள் நாலாம் வரிக்குப் பிறகு “ஆமை” என்று பாடி, திங்கட்கிழமை பிரம்படி வாங்கினார்கள். அன்றைய நாளில் நேர்மையாகப் பாடியவர்கள் அவர்கள் மட்டும்தான். நான் முன்வரிசையில், ஸ்பஷ்டமாக, ‘ஆம்’ என்று பாடினேன். உச்சரிப்புக்காக ஹாஜியார் என் தலையைத் தடவினார்.

நாலு மாதத்தில் சாச்சிக்கு நிக்காஹ். மாப்பிள்ளை நல்லவர், அதைப் பற்றி முறைப்பாடு இல்லை. பெண்ணிடம் சம்மதம் கேட்க உள்ளறைக்கு ஆண்கள் வருவார்கள் அல்லவா? வலியாக, அதாவது பெண்ணின் பொறுப்பாளராக, மாமா. சாட்சியாக ஹாஜியாரும் இன்னொருவரும். பதிவுப் புத்தகத்தோடு மௌலவி. சாச்சியின் முழங்காலோடு ஒட்டி நான். அறை முழுக்கப் பெண்கள், மல்லிகைப்பூ, பவுடர், வியர்வை.

மௌலவி கேட்டார்: இன்னாருடைய மகன் இன்னாருக்கு, இன்ன மஹர்த் தொகைக்கு, உங்களை நிக்காஹ் செய்து வைக்க உங்கள் வலிக்குச் சம்மதம் கொடுக்கிறீர்களா?

சாச்சி பேசவில்லை. மௌலவி திரும்பவும் கேட்டார்.

“புள்ள வெக்கப்படுது,” என்றார் ஹாஜியார். “கன்னிப் பொண்ணு பேசாம இருந்தாலே காணும். எழுதுங்க மௌலவி.”

“வெக்கம் ஒண்டுமில்ல,” என்றது முக்காட்டுக்குள்ளிருந்து குரல். “எந்தச் சொல்லால சொல்ற எண்டு யோசிக்கிறன்.”

“என்ன சொல்லு?” என்றார் மாமா. “ஓமெண்டு சொல்லு புள்ள!”

“அது மத்தவங்கட மந்திரமாம் காக்கா. நிக்காஹ் பாழாப் போகாதா?”

பெண்களில் யாரோ இருமினார்கள். இன்னொருத்தி வாயில் முந்தானையை வைத்தார்.

“ஆம் எண்டு சொல்லட்டா மௌலவி? நம்மட ஊட்டில அப்பிடி ஒருத்தரும் சொல்றல்ல. பொய்ச் சம்மதம் ஆகிருமோ எண்டு பயமாரிக்கி. நீங்க ஓதினவர். நீங்களே ஒரு சொல்லுத் தாங்க.”

வெளியே மாப்பிள்ளை வீட்டார் நூறு பேர். சஹன் தட்டுகளில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. மௌலவியின் காதுமடல் சிவந்ததை நான் மிக அருகில் பார்த்தேன்.

“ஓமெண்டு சொல்லுங்க” என்றார், புத்தகத்தைப் பார்த்து.

“கேக்கல்ல.”

“ஓம் எண்டு சொல்லுங்க!”

“ஓம்” என்றார் சாச்சி.

பெண்கள் போட்ட குரவை கடற்கரை வரை கேட்டதாம். வெற்றி என்று நினைத்து நானும் போட்டேன். பிறகுதான், விருந்துக்கு இருக்கும்போது, பெண்களின் வரிசையை முதலில் இருந்து கடைசி வரை பார்த்தேன். அந்தச் சொல்லுக்குச் சொந்தக்காரி அங்கே இல்லை. அவரை எவரும் அழைக்கவில்லை. மௌலவியின் புத்தகத்துக்கு ஓம் ஆகுமென்று முடிவாகிவிட்டது. பாட்டில் ஆம் அப்படியே இருந்தது. ராட்டினம் கட்டிலுக்குக் கீழே இருந்தது. நாம் எல்லோரும் வட்டிலப்பம் சாப்பிட்டோம்.

சாச்சி அதற்குப் பிறகும் பாட்டுக் கட்டினார். தாலாட்டு, கல்யாணப் பாட்டு, பேரப்பிள்ளைகளைக் கேலி செய்யும் பாட்டு. ஆனால் கேள்வியும் பதிலுமாக ஒன்றுகூடக் கட்டவில்லை. ஏன் என்று ஒருநாள் கேட்டேன். “கேட்டா ஓமெண்டு சொல்ல ஆள் வேணுமே” என்றார். அவர் மௌத்தாகி மூன்று வருடம்.

மாதிரிப் பக்கம் வந்த அன்று வெள்ளிக்கிழமை. பாண்டிருப்புக்கு ஆட்டோவில் ஆறு நிமிடம். நாற்பது வருடமாக நான் போகாத ஆறு நிமிடம். நடுவில் யுத்த வருடங்களில் அந்தப் பாதை ஆறு நிமிடப் பாதையாக இருக்கவில்லை. அது பெரிய கதை, அதற்கு வேறு கோபம் வேண்டும். ஆனால் அது முடிந்தும் பதினைந்து வருடத்துக்கு மேலாகிவிட்டது. அந்தப் பதினைந்துக்கு நான் எந்த மௌலவியையும் குறை சொல்ல முடியாது.

ஆட்டோக்காரர்கள் எல்லோரும் ஜும்ஆவுக்குப் போயிருந்தார்கள். நடந்தேன். குடை கொண்டுபோக மறந்துவிட்டேன்.

நூல் அக்கா இருக்கிறார். மகளின் வீட்டு முன்னறையில், பிளாஸ்டிக் கதிரையில். கண் மங்கல். நான் யாருடைய மகள் என்று சொன்னேன். என் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு கேட்ட முதல் கேள்வி:

“ராட்டினம் கிடைச்சுதா மகள்?”

“மாமாட கட்டிலுக்குக் கீழ இருந்திச்சு” என்றேன். “எனக்குத் தெரியும். அண்டைக்கே தெரியும்.”

“எனக்கும் தெரியும். ஒன்ட கையெல்லாம் விளக்கெண்ணெய் மணந்துது.”

அவருடைய மகள் பிளேன்டி கொண்டு வந்தார். பிஸ்கட்டும் இருந்தது. தொட முடியவில்லை.

“அந்தப் பாட்டு இன்னும் பாடுறாங்களா?”

“ஓம்.”

“நம்மட இடத்தில என்ன சொல்லுறாங்க?”

“ஆம்.”

“ஆமா? ஆமையில பாதியா?” சிரித்ததில் இருமல் வந்தது. “அதச் சொல்லிப்போட்டு ஆரு மூச்சு வாங்குவான்?”

நான் முதல் கேள்வியைச் சொன்னேன். பாடவில்லை, எனக்குக் குரல் கிடையாது. கடலில வெயில் ஏற முந்தி எழும்பினியா புள்ள? அவருடைய வலது கை மடியிலிருந்து எழும்பி, ஒரு சுற்றுச் சுற்றி மேலே வந்தபோது, “ஓம்” என்றார். அரை நொடி பிந்தவில்லை.

“விழாவுக்கு வாங்க” என்றேன்.

“ஆரு கூப்பிடுற?”

“நான்.”

“நீ மட்டுமா?”

அதற்குப் பதில் சொல்லாமல்தான் எழும்பி வந்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலாம் பிள்ளைக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டேன்: இயற்றியவர் என்ற இடத்தில் மூன்று பெண்களின் பெயர் வர வேண்டும், ஆறு இடத்தில் ஓம் வர வேண்டும். “ஓம் ஓம், பாப்பம், இப்ப குழுவில கேக்கணுமே” என்றார். அந்த ஓமை எனக்குத் தெரியும். அதிபர் அறையில் கேட்டது.

நம் வகுப்புக்கு இரண்டாம் வரிசை ஒதுக்கியிருக்கிறார்களாம். முன்வரிசை ஓரத்தில் ஒரு கதிரையை நான் பிடிப்பேன். அதில் நூல் அக்கா இருப்பார். மேடையில் பிள்ளைகள் கேள்வியைப் பாடுவார்கள். பதிலுக்கு ஆறு இடம் இருக்கிறது. நமக்குச் சொல்லித்தர எவரும் தேவையில்லை. நான்காம் வகுப்பிலேயே தேவைப்படவில்லை. மேடையில் என்ன அச்சடித்துக் கொடுத்தாலும், கீழே நாற்பது கிழட்டுத் தொண்டைகள் சரியான சொல்லைச் சொன்னால் மேலே உள்ள பிள்ளைகளுக்கு அது தொற்றும். முழங்கால் எழும்பாதவர்கள் இருந்துகொண்டே கத்தலாம்.

பெருவிரல் வேண்டாம். கண் கலங்கும் முகமும் வேண்டாம். ‘நீ மட்டுமா?’ என்று நூல் அக்கா கேட்டாரே, அதற்காக நான் உங்களிடம் ஒன்று கேட்கிறேன், ஒரு சொல்லில் பதில் போதும், எந்தச் சொல் என்று உங்களுக்குத் தெரியும்.

வாறீங்களா?